மூன்று சோதனைகள், மூன்று விடைகள்: எதை நம்புவது?

திருமங்கலத்திலிருந்து எழுதியிருக்கும் நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டு நீளமாக எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. உங்களுக்கு வயது 25. பி.காம். முடித்துவிட்டு, மதுரையில் இருசக்கர வாகன உதிரிப் பாகங்கள் விற்கும் கடையொன்றில் மூன்று ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறீர்கள். இப்படியே இருந்துவிடக் கூடாது என்ற எண்ணம் வந்ததும் மூன்று சோதனைகளைச் செய்து பார்த்திருக்கிறீர்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஆர்வச் சோதனை ஆசிரியர் வேலை உங்களுக்குப் பொருந்தும் என்றது. மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் ஆளுமைச் சோதனை எழுத்தாளர் அல்லது ஆலோசகர் என்றது. 6,500 ரூபாய் கட்டி, விரல்ரேகையும் கொடுத்துச் செய்த மூன்றாவது சோதனை நாற்பது பக்க அறிக்கை தந்து டிஜிட்டல் மார்க்கெட்டிங்கில் கொண்டுபோய் முடித்தது. அப்பா குரூப் 4 எழுதச் சொல்கிறார். இவற்றில் எதை நம்புவது, இவற்றைவிடத் துல்லியமான சோதனை ஏதாவது உண்டா என்று கேட்கிறீர்கள். ஒருவர் தன்னைத் தானே மதிப்பிட்டுத் தனக்கான தொழிலைக் கண்டுபிடிக்க முடியுமா, முடியும் என்றால் அந்த மதிப்பீட்டை எதுவரை நம்பலாம் என்பதே உங்கள் கேள்வியின் உள்ளடக்கம் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் உளவியலில் முதுகலை படித்தவன். மதுரையில் 21 ஆண்டுகளாகத் தொழில் வழிகாட்டுதல் செய்து வருகிறேன். முதல் ஒன்பது ஆண்டுகள் ஒரு கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவில், அதன் பிறகு தனியாக. மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, அருப்புக்கோட்டை என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் வருகிறார்கள். வேலை பிடித்துப்போனவர்கள் யாரும் என்னைத் தேடி வருவதில்லை, குழம்பி நிற்பவர்களையே நான் பார்க்கிறேன் என்பதால் என் அனுபவத்துக்கு ஒரு பக்கச் சாய்வு இருக்கும். ஆகவே ஆய்வுகள் உறுதிப்படுத்தியிருப்பதையும், பார்த்துப் பழகியதால் நான் நம்புவதையும் கலக்காமல் எழுத முயல்கிறேன். ஒரு கடிதத்தை மட்டும் படித்துவிட்டு இதுதான் உங்கள் தொழில் என்று சொல்ல என்னால் முடியாது.

இந்த முயற்சி ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழையது. 1908-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், இளைஞர்களுக்கு வேலை தேர்ந்தெடுக்க உதவும் அலுவலகம் ஒன்றை ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் தொடங்கினார். அதே ஆண்டில் அவர் காலமானார். அவருடைய முறையை விளக்கும் நூல் 1909-இல் வெளிவந்தது. தன்னை அறிவது, வேலைகளின் உள்ளும் புறமும் அறிவது, இரண்டையும் பக்கத்தில் வைத்து நிதானமாக யோசிப்பது என்று மூன்று படிகளை அவர் வகுத்தார். இன்று கிடைக்கும் சோதனைகளில் பெரும்பாலானவை முதல் படியில் பாதியைச் செய்துவிட்டு, மற்ற இரண்டையும் அச்சிட்ட தொழிற்பெயர்ப் பட்டியல் ஒன்றிடம் ஒப்படைத்துவிடுகின்றன. உங்களுடைய மூன்று விடைகளும் ஒன்றோடொன்று மோதுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். மூன்றும் உங்களிடம் வெவ்வேறு விஷயங்களைக் கேட்டன. ஆனால் முடிவைச் சொல்லும்போது மூன்றும் ஒரே மொழியில், தொழிலின் பெயராகச் சொல்லிவிட்டன.

முதல் சோதனையை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் மூன்றில் அதுதான் மதிக்கத்தக்கது. ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-இல் வெளியிட்ட கோட்பாட்டின் வழி வந்தது அது. வேலை சார்ந்த ஆர்வங்களை அவர் ஆறாகப் பிரித்தார்: கையாலும் கருவியாலும் செய்வது, ஆராய்வது, கலைப் படைப்பு, பிறருக்குக் கற்பிப்பதும் உதவுவதும், ஆட்களைத் திரட்டி வணிகம் நடத்துவது, கணக்கையும் ஆவணத்தையும் ஒழுங்காக வைப்பது. இந்த ஆறையும் இதே வரிசையில் ஓர் அறுகோணத்தின் முனைகளில் வைத்தால், பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை ஒன்றுக்கொன்று நெருக்கமானவை, எதிரெதிரே இருப்பவை விலகியவை என்பது அவர் கண்டது. நீங்கள் செய்தது அமெரிக்கத் தொழிலாளர் துறை இலவசமாக வைத்திருக்கும் அறுபது கேள்விச் சோதனை. ஒரு பிரிவுக்குப் பத்துக் கேள்வி, கேள்விக்கு 0 முதல் 4 வரை, ஆக ஒவ்வொரு பிரிவுக்கும் உச்சம் 40. நீங்கள் அனுப்பிய மதிப்பெண்கள்: உதவுதல் 27, ஒழுங்கு 26, ஆராய்தல் 25, கைவேலை 23, வணிகம் 21, கலை 19. முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு மதிப்பெண். ஒழுங்குப் பிரிவில் ஏதாவது ஒரு கேள்விக்குப் ‘பிடிக்கும்’ என்பதற்குப் பதிலாக ‘மிகவும் பிடிக்கும்’ என்று நீங்கள் தொட்டிருந்தால் இரண்டும் சமமாகியிருக்கும். இரண்டு கேள்விகளில் அப்படி மாறியிருந்தால் ஆசிரியர் பட்டியலுக்குப் பதிலாகக் கணக்காளர் பட்டியல் வந்திருக்கும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லாத இப்படிப்பட்ட சமதள மதிப்பெண்ணிலிருந்து ஒரு தொழிலின் பெயரை எடுக்கவே கூடாது. அதிலிருந்து நியாயமாக எடுக்கக்கூடியது, கலையும் வணிகமும் மற்றவற்றைவிடச் சற்றுக் கீழே இருக்கின்றன என்பது மட்டும்தான்; அதையும் ஓரளவு சந்தேகத்தோடுதான் எடுக்க வேண்டும். கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரண்டு மதிப்பெண் வேறுபாட்டை வைத்துக்கொண்டு ஒரு மாணவியிடம் ஆய்வகப் பணி உனக்கு ஒத்துவராது என்று நான் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண் அதை நம்பிக்கொண்டு போனது இன்றும் என்னை உறுத்துகிறது.

மதிப்பெண் கணக்கைவிட ஆழமான ஒரு சிக்கல், இந்தச் சோதனையை நம் ஊரில் கொடுக்கும்போது வருகிறது. அதன் தொடக்கக் கேள்விகளிலேயே, சமையலறை அலமாரி செய்யப் பிடிக்குமா, செங்கல்லோ ஓடோ பதிக்கப் பிடிக்குமா என்று இருக்கும். படிப்பையோ சம்பளத்தையோ நினைக்காமல் வேலையை மட்டும் நினைத்துப் பதில் சொல்லுங்கள் என்றும் குறிப்பு இருக்கும். நம்மில் யாரால் அப்படிச் சொல்ல முடியும்? செங்கல் என்ற சொல்லோடு வெயிலும், நாள்கூலியும், யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம் என்ற பழைய கணக்கும் சேர்ந்தே வருகின்றன. மேலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார். அப்பா கொத்தனார். கைவேலைப் பிரிவில் அவருடைய மதிப்பெண் 40-க்கு 6. பேசிக்கொண்டிருந்தபோது, பள்ளி விடுமுறையில் அப்பாவுடன் போன ஒரு கட்டுமானத்தைப் பற்றிச் சொன்னார். தூக்குக்குண்டு நூலை மேலே பிடித்துக் காட்டுவதற்காகக் கையை உயர்த்தி, குண்டு ஆடி அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் சார், சுவர் அரை அங்குலம் வெளியே தள்ளியிருந்தது, மேஸ்திரிக்கே தெரியவில்லை, நான்தான் கண்டுபிடித்தேன் என்றார். அதைச் சொல்லும்போதும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். அளப்பதிலும் நேர் பார்ப்பதிலும் அவருக்கு இருந்த பற்று அந்தத் தாளில் பதிவாகவே இல்லை. அவர் ‘பிடிக்காது’ என்று குறித்தது அப்பாவின் முதுகுவலியையும் அவருக்குக் கிடைக்காத மரியாதையையும் பற்றியது. ஐ.டி.ஐ.யில் நில அளவையாளர் என்று ஒரு பிரிவு இருப்பது அவருக்கு அதுவரை தெரியாது. இப்போது அளவைக் கருவியோடு சாலைப் பணிகளில் இருக்கிறார். எனவே அந்த அறுபது கேள்விகளையும் நீங்கள் மறுபடி ஒரு முறை படித்து, ‘பிடிக்காது’ என்று குறித்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், பிடிக்காதது அந்தச் செயலா, அந்தச் செயலைச் செய்பவருக்கு ஊரில் கிடைக்கும் இடமா என்று எழுதிப் பாருங்கள். இரண்டும் நியாயமான காரணங்களே. ஆனால் முதலாவது மாறுவது அரிது. இரண்டாவதற்கு, அதே செயல் வேறொரு பெயரில் வேறோர் இடத்தில் நடக்கும் வேலையைத் தேடலாம்.

பதினாறு வகைச் சோதனை பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. கார்ல் யுங் 1921-இல் எழுதிய ஆளுமை வகைகளை அடிப்படையாக வைத்து அமெரிக்காவில் ஒரு தாயும் மகளும் உருவாக்கிய முறையும் அதைப் பின்பற்றி வந்தவையும்தான் இன்று இணையம் முழுவதும் இருக்கின்றன. மனிதர்களின் இயல்புகள் பெரும்பாலும் நடுவில் குவிந்திருப்பவை. சரியாக நடுவில் ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம் கூச்சம், அந்தப் பக்கம் கலகலப்பு என்று பிரித்தால், கோட்டுக்கு அருகில் நிற்கும் பலர் அடுத்த முறை எழுதும்போது எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். இது திரும்பத் திரும்பக் காணப்பட்ட குறை. தன்னைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு அது ஒரு சாக்காக உதவும், அவ்வளவுதான். ‘ஆனால் அது என்னைப் பற்றி எழுதியிருந்தது அப்படியே சரியாக இருந்தது’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்த உணர்வை நான் மறுக்கவில்லை. அதற்கு வேறொரு விளக்கம் இருக்கிறது. 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி அறிக்கை என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். தாள் எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்று 5-க்கு மதிப்பிடச் சொன்னபோது சராசரி 4-ஐத் தாண்டியது. எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே தாள். அதன் வரிகளைக் கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து அவர் எடுத்திருந்தார். வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் சில நேரம் தயங்குவீர்கள் என்று யாரிடம் சொன்னாலும் தலையசைப்பார்கள். உங்கள் அறிக்கையில் ஒவ்வொரு வரியையும் எடுத்து, இது என் கடையில் உடன் வேலை செய்பவருக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். பொருந்தினால் அந்த வரியை அடித்துவிடுங்கள். எஞ்சி நிற்பதை மட்டும் படியுங்கள்.

மூன்றாவது சோதனையைப் பற்றி எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறேன். விரல்ரேகையை வைத்து ஒருவரின் அறிவுத் திறனையோ ஏற்ற தொழிலையோ கணிக்க முடியும் என்பதற்கு அறிவியல் அடிப்படை கிடையாது. ரேகைகள் கருவில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. அதற்குப் பிறகு நீங்கள் படித்தது, பழகியது, விரும்பியது எதுவும் அவற்றில் பதிவதில்லை. பள்ளிகளிலும் பயிற்சி மையங்களிலும் இது விற்கப்படுவதைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது, ஏனென்றால் பணம் கட்டுபவர்கள் பெரும்பாலும் பிள்ளையின் படிப்புக்காக நகையை அடகு வைத்தவர்கள். அந்த 6,500 ரூபாய் போனது போகட்டும். அந்த அறிக்கையை மட்டும் இனி எந்த முடிவுக்கும் ஆதாரமாக எடுக்காதீர்கள்.

இனி சுயமதிப்பீட்டின் உண்மையான எல்லைக்கு வருகிறேன். எனக்கு எது பிடிக்கும் என்பதில் ஒருவர் சொல்லும் சாட்சியம் பெரும்பாலும் நம்பத்தக்கது. எனக்கு எது நன்றாக வரும் என்பதில் அதே ஆளின் சாட்சியம் பலவீனமானது. 1982-இல் மேப், வெஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 55 ஆய்வுகளைத் தொகுத்து, மக்கள் தங்கள் திறனைப் பற்றிச் சொல்வதும் அளந்து பார்த்த திறனும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணக்கிட்டார்கள். முழுமையாக ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லையென்றால் 0 என்று வைத்தால், கிடைத்தது சராசரியாக 0.29. 2014-இல் இதைவிடப் பெரிய அளவில் செய்யப்பட்ட தொகுப்பிலும் ஏறக்குறைய அதே எண்தான் வந்தது. எனவே ‘எனக்கு கம்யூனிகேஷன் வராது, கணக்கு நன்றாக வரும்’ என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியை உண்மை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. பொய் என்றும் எடுத்துக்கொள்ளவில்லை, சரிபார்க்க வேண்டிய கூற்று என்று குறித்துக்கொண்டேன். அதே 1982 தொகுப்பு பயனுள்ள ஒன்றையும் காட்டுகிறது: பிறரோடு ஒப்பிட்டுச் சொல்லும்படி கேட்டாலும், சொன்னது பின்னால் சரிபார்க்கப்படும் என்று தெரிந்தாலும் மதிப்பீடு மேம்படுகிறது. ஆகவே ‘எனக்குப் பேச வருமா’ என்று உங்களைக் கேட்டுக்கொள்வதை விட்டுவிட்டு, ‘எங்கள் கடையில் உள்ள ஆறு பேரில், கோபமாக வரும் வாடிக்கையாளரைச் சமாளிப்பதில் நான் எத்தனையாவது’ என்று எழுதுங்கள். எழுதிய தாளை மடித்து வைத்துவிட்டு, உங்கள் வேலையை நேரில் பார்த்த மூன்று பேரிடம் அதே கேள்வியைத் தனித்தனியே கேளுங்கள். அம்மாவையும் நண்பரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவர்கள் உங்களை விரும்புகிறார்கள், உங்கள் வேலையை அவர்கள் பார்த்ததில்லை.

பிடித்த வேலை கிடைத்துவிட்டால் திருப்தி வந்துவிடும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் அளவிட்டுத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஆர்வத்துக்கும் வேலைக்கும் உள்ள பொருத்தம், வேலைத் திருப்தியோடு எவ்வளவு தொடர்புடையது என்று 105 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான கட்டுரை 0.19 என்ற அளவைக் காட்டுகிறது. தொடர்பு உண்டு, ஆனால் சிறியது. மீதியைத் தீர்மானிப்பவை முதலாளியின் குணம், சம்பளம் தேதிக்கு வருவது, பயண நேரம், உடன் வேலை செய்பவர்கள், வேலையில் கற்றுக்கொள்ள ஏதாவது இருப்பது போன்றவை என்பது என் அனுபவம்; இதை ஆய்வு முடிவாக அல்லாமல் என் கருத்தாகவே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஆறுதலான செய்தியும் ஒன்று உண்டு. 12 வயதிலிருந்து 40 வயது வரை ஆர்வங்கள் எவ்வளவு நிலையாக இருக்கின்றன என்று 66 நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பள்ளி வயதில் அசைந்துகொண்டிருப்பவை 18-க்கும் 22-க்கும் இடையில் நன்றாக உறைந்து, அதன் பிறகு பெரிதாக மாறுவதில்லை என்று தெரிந்தது. அதாவது பத்தாம் வகுப்பில் இதைச் செய்வதைவிட 25 வயதில் செய்வதற்கு அர்த்தம் அதிகம். தாமதமாகிவிட்டது என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை.

சரி, எதைச் செய்வது? நான் இப்போதெல்லாம் யாருக்கும் முதலில் சோதனைத் தாளைக் கொடுப்பதில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, இரண்டு வாரம், வேலை நாளில் மூன்று முறை எழுதச் சொல்கிறேன்: என்ன நேரம், என்ன செய்துகொண்டிருந்தேன், கடிகாரத்தை எத்தனை முறை பார்த்தேன், யார் அந்த வேலையை என்னிடம் கொண்டுவந்தார்கள். உணர்ச்சியை எழுத வேண்டாம், செயலை எழுதுங்கள் என்பேன். வாடிப்பட்டியிலிருந்து தினமும் வந்து விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்த பெண்ணின் நோட்டு இன்னும் நினைவில் இருக்கிறது. தனக்குத் துணியிலும் நிறத்திலும்தான் ஈடுபாடு, ஃபேஷன் டிசைனிங் படிக்க வேண்டும் என்று வந்தவர். நோட்டில், ‘காலை 11.15, புதுச் சரக்கு அடுக்கினேன், நாலு முறை மணி பார்த்தேன்’ என்று இருந்தது. ‘மாலை 3.40, முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சு முற்றிவிட்டது, இரண்டு பேரும் ஒத்துக்கொள்கிற மாதிரி மூன்று சேலை எடுத்துப் போட்டு உட்காரவைத்துப் பேசினேன், முடிந்தபோது ஐந்தரை’ என்று இருந்தது. பதினான்கு நாளில் மணி பார்க்காத இடங்கள் ஒன்பது. ஒன்பதிலும் துணி ஓரமாகத்தான் இருந்தது, நடுவில் இருந்தவர்கள் பதற்றத்தில் இருந்த மனிதர்கள். இன்று அவர் ஒரு மருத்துவமனையில், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எது அடங்கும், எதற்குக் கையிலிருந்து செலவாகும் என்று நோயாளிகளின் வீட்டாருக்கு விளக்கும் மேசையில் இருக்கிறார். இந்த வேலையின் பெயரை எந்தச் சோதனையும் அவருக்குச் சொல்லியிருக்காது. ஒரே ஒருவரின் கதையை வைத்து இந்த முறை எல்லோருக்கும் பலிக்கும் என்று நான் வாதிடவில்லை. நோட்டை எழுதிவிட்டு எதுவும் தெளிவாகாமல் திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நடந்ததை எழுதிய பக்கம், பிடிக்குமா என்ற கற்பனைக் கேள்விக்குச் சொன்ன பதிலைவிட வலுவான ஆதாரம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

உங்கள் கடிதத்திலேயே அப்படிப்பட்ட ஒரு பக்கம் இருக்கிறது. நீங்கள் அதைக் குறையாகச் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். கடை பூட்டிய பிறகும் மெக்கானிக்குகள் முதலாளியைக் கூப்பிடாமல் உங்களுக்கே போன் செய்து, இந்த மாடல் வண்டிக்கு அந்த வருஷத்து கிளட்ச் பிளேட் சேருமா என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் தேட முடியாமல் எக்செல்லில் நீங்களாகவே ஒரு பட்டியல் போட்டு, எந்தப் பாகம் எந்தெந்த வண்டிக்கு மாற்றாகும் என்று இதுவரை 1,400 பாகங்களை ஏற்றியிருக்கிறீர்கள். யாரும் கேட்காத, யாரும் சம்பளம் தராத வேலையை ஒருவர் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து செய்திருக்கிறார் என்றால், அறுபது கேள்விகளைவிட அந்தப் பட்டியல் அதிகம் பேசுகிறது. உங்கள் மதிப்பெண்ணில் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற உதவுதல், ஒழுங்கு, ஆராய்தல், கைவேலை நான்கும் அதில் ஒன்றாக இருக்கின்றன. நமக்கு எளிதாக வருவதை நாம் திறமை என்று எண்ணுவதில்லை, சும்மா செய்வதுதானே என்று விட்டுவிடுகிறோம். மெக்கானிக்குகள் அப்படி விடவில்லை. பாகங்களையும் இருப்பையும் தகவலையும் ஒழுங்குபடுத்தி, வேலை நிற்காமல் பார்த்துக்கொள்ளும் தொழில்கள் உங்களுக்குப் பொருந்தலாம் என்பது என் ஊகம். தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ், கொள்முதல் பிரிவு, வாகன விற்பனை நிறுவனங்களின் உதிரிப் பாகப் பிரிவு, பாகப் பட்டியல்களைக் கணினியில் பராமரிக்கும் தரவுப் பணி ஆகியவை அந்தத் திசையில் இருக்கின்றன. ஊகம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அதை நீங்கள்தான் கால்நடையாகப் போய்ச் சரிபார்க்க வேண்டும்.

அதற்கு நீங்கள் இருக்கும் இடம் வசதியானது. திருமங்கலத்துக்குப் பக்கத்திலேயே கப்பலூர் தொழிற்பேட்டை இருக்கிறது. டி.வி.எஸ். நிறுவனம் 1911-இல் தோன்றிய ஊர் மதுரை. வாகனம், போக்குவரத்து, உதிரிப் பாகம் சார்ந்த வேலையில் பழுத்த மனிதர்கள் இங்கே தெருவுக்கு ஒருவர் கிடைப்பார்கள். ஸ்டோர்ஸில் ஒருவர், கொள்முதலில் ஒருவர், பாகத் தரவு வேலையில் ஒருவர் என மூன்று பேரைப் பார்த்துவிடுங்கள். ‘இந்த வேலை நல்லா இருக்குமா அண்ணே’ என்று கேட்டால், அன்றைக்கு அவர் மனநிலை எப்படியோ அப்படித்தான் பதில் வரும். ‘நேற்று காலை பத்து மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள், மாலை நான்கு மணிக்கு என்ன செய்தீர்கள், கடைசியாக எப்போது திட்டு வாங்கினீர்கள், எதற்கு’ என்று கேளுங்கள். அந்தப் பதில்களை உங்கள் நோட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பார்சன்ஸ் சொன்ன இரண்டாவது படியையும் மூன்றாவது படியையும் நீங்களே செய்தவராவீர்கள். முடிந்தால் ஒரு விடுமுறை நாளில் அவர்களோடு இரண்டு மணி நேரம் நின்று பாருங்கள். பட்டியலில் இல்லாத வேலைகள் கண்ணில் படுவது அப்போதுதான். 1976-இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி தந்து, பார்வையை அளப்பது முதல் அறுவை அரங்கில் உதவுவது வரையான வேலைகளுக்கு ஆளாக்குகிறது. அப்படி ஒரு வேலை இருப்பதை அந்தப் பெண்கள் பெரும்பாலும் சோதனைத் தாளில் படித்துத் தெரிந்துகொள்வதில்லை, ஊரில் யாரோ ஓர் அக்காவைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள்.

அப்பா சொல்லும் குரூப் 4-ஐ நான் தள்ளிவிட மாட்டேன். அவர் கேட்பது உங்களுக்கான பாதுகாப்பை, அதற்கு மரியாதை தர வேண்டும். ஆனால் அதையும் அளந்து பார்க்கலாம், அதற்கு ஆர்வச் சோதனை தேவையே இல்லை. 2024-ஆம் ஆண்டுத் தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244, பின்னர் கூட்டப்பட்டன. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம். தேர்வாணையத்தின் இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் கிடைக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போனை அணைத்துவிட்டு, 200 கேள்வியையும் மூன்று மணி நேரத்தில் எழுதித் திருத்துங்கள். தமிழ்ப் பகுதியில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதி கணக்கிலேயே வராது என்பதையும் பாருங்கள். ஆறு வாரம், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் படித்துவிட்டு வேறொரு ஆண்டின் தாளை எழுதுங்கள். முதல் மதிப்பெண்ணைவிட, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு ஏறியது என்பதும், அந்த ஆறு வாரத்தில் எத்தனை நாள் உண்மையில் உட்கார்ந்தீர்கள் என்பதும் முக்கியம். கோ.புதூரில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தைப் பதிவு புதுப்பிக்கும் இடமாக மட்டுமே பலர் நினைத்திருக்கிறார்கள். அங்கே போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சியும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களும் நடக்கின்றன. புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. பணம் கட்டிப் பயிற்சியில் சேர்வதை இந்த ஆறு வாரத்துக்குப் பிறகு யோசியுங்கள்.

எந்தச் சோதனையும் கேட்காத ஒன்றை உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள்: தங்கையின் படிப்புக் கட்டணமும், இன்னும் 14 தவணை கட்ட வேண்டிய சீட்டும். இவற்றைத் தடை என்று நினைத்து மதிப்பீட்டுக்கு வெளியே தள்ளிவிடாதீர்கள், நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் தாங்கும், குறைந்த சம்பளத்தில் எத்தனை மாதம் தாங்கும் என்று இரண்டு எண்கள் போதும். முதல் எண் பூஜ்யம் என்றால், இருக்கும் வேலையை விடாமல் செய்யக்கூடியவை மட்டுமே இப்போதைக்கு உங்கள் முன்னால் இருக்கும் வழிகள். நான் மேலே சொன்ன நோட்டு, மூன்று மனிதர்கள், ஞாயிற்றுக்கிழமை வினாத்தாள் எல்லாமே அந்த வகையைச் சேர்ந்தவை. அப்பாவிடம் பேசும்போது ஆசிரியர் என்றும் எழுத்தாளர் என்றும் வந்த அறிக்கைகளை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அவருக்கு அவை காகிதம். நீங்களே திருத்திய இரண்டு வினாத்தாள்களையும், அந்த 1,400 பாகங்களின் பட்டியலையும் அவர் முன்னால் வையுங்கள். ஆறு வாரம் கழித்து நோட்டில் என்ன இருந்தது என்று எழுதினால், அதைப் படித்துவிட்டு மறுபடியும் பதில் எழுதுகிறேன்.